ட்ரோன் மூலம் மருந்து தெளித்தல்: சிறு விவசாயிகள் அறிய வேண்டிய விதிகள்

மருந்து தெளிக்க ஆள் கிடைப்பது இன்று எந்த ஊரிலும் எளிதாக இல்லை. நெல்லில் இலைச் சுருட்டுப்புழு தோன்றினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கட்டுப்படுத்த வேண்டும். ஆளைத் தேடி, நாள் குறித்து, அவர் வந்து இறங்குவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. இந்த நெருக்கடியில்தான் ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம் வயலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானைக் கொண்டு ஒருவர் நாள் முழுவதும் தெளித்தாலும் ஓரிரண்டு ஏக்கருக்கு மேல் முடிவதில்லை. பத்து லிட்டர் தொட்டியுள்ள ட்ரோன் ஓர் ஏக்கரைச் சுமார் பத்து நிமிடங்களில் முடித்துவிடுகிறது. சேற்றில் இறங்க வேண்டியதில்லை, பயிர் மிதிபடுவதில்லை, தெளிப்பவர் மருந்துப் புகைக்குள் நடக்க வேண்டியதும் இல்லை.

கடைசியாகச் சொன்னதைச் சிறிய நன்மை என்று ஒதுக்கிவிட முடியாது. மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் 2017-ம் ஆண்டு பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நச்சுப் பாதிப்புக்கு ஆளாயினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆளுயரம் வளர்ந்த பருத்திச் செடிகளுக்கு நடுவே, முகத்தில் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு தெளிப்பவரின் நிலை என்ன என்பதைப் பருத்தி பயிரிடும் நம் மாவட்டத்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆபத்திலிருந்து மனிதனை விலக்கி வைப்பதால், ட்ரோன் வரவேற்கத்தக்க கருவியே.

ஆனால் அதை வாடகைக்கு அழைக்கும் விவசாயிகளில் பலர் அதை இன்னொரு விசைத்தெளிப்பான் என்றே கருதுகின்றனர். சட்டம் அப்படிக் கருதவில்லை. பயிருக்கு மேல் ஏழெட்டு அடி உயரத்தில் பறந்தாலும் சட்டப்படி அது விமானமே. அதிலிருந்து பூச்சிக்கொல்லி விழும்போது, அது வான்வழித் தெளிப்பும் ஆகிறது. ஆகவே விமானம் பற்றிய விதிகள், பூச்சிக்கொல்லி பற்றிய விதிகள் என இருவகை விதிகளும் ஒரே நேரத்தில் பொருந்துகின்றன. இவற்றில் ஒன்றைக் கடைப்பிடித்து மற்றொன்றை விட்டுவிடுவதால்தான் தொல்லைகள் எழுகின்றன.

விமான விதிகள்

2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மத்திய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. அதற்கு ஐந்து மாதம் முன்பு, அதே ஆண்டு மார்ச்சில் வந்த விதிகள் மிகக் கடுமையானவை. 25 விதமான படிவங்களும் 72 வகைக் கட்டணங்களும் அவற்றில் இருந்தன. புதிய விதிகளில் படிவங்கள் ஐந்தாகவும் கட்டண வகைகள் நான்காகவும் குறைக்கப்பட்டன. கிராமத்துக்கு ட்ரோன் வந்து சேர்ந்ததற்கு இந்தத் தளர்வு ஒரு முக்கியக் காரணம்.

இவ்விதிகள் ட்ரோன்களை எடையை வைத்து வகைப்படுத்துகின்றன. 250 கிராம் வரை மிகச் சிறிய பொம்மை வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை ஒரு வகை. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறியவை. 25-க்கு மேல் 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கும் மேற்பட்டவை பெரியவை. மருந்துடன் சேர்ந்த மொத்த எடையே கணக்கு. வயலுக்கு வரும் பத்து லிட்டர் ட்ரோன்கள் பெரும்பாலும் 25 கிலோவுக்குள் அடங்கி, சிறிய வகையில் சேருகின்றன. தொட்டியைப் பெரிதாக்கினால் நடுத்தர வகைக்குள் போய்விடும். ஓட்டுநருக்கு அந்த வகைக்கான சான்றிதழ் தனியாக வேண்டும்.

வாடகைக்குத் தெளிக்கும் எந்த ட்ரோனுக்கும் மூன்று இருக்க வேண்டும். அந்த மாதிரிக்கு வழங்கப்பட்ட வகைச் சான்று ஒன்று. அந்தக் குறிப்பிட்ட ட்ரோனுக்குரிய தனி அடையாள எண் இரண்டாவது. மோட்டார் வண்டிக்குப் பதிவு எண் போன்றது இது. மூன்றாவது, மூன்றாம் நபர் காப்பீடு. ஓட்டுபவருக்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டும். 18 முதல் 65 வயது வரையுள்ள, பத்தாம் வகுப்புத் தேறிய எவரும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயின்று இச்சான்றிதழைப் பெறலாம். முன்பு இதற்குக் கடவுச்சீட்டு கேட்கப்பட்டது. கிராமத்து இளைஞர் எத்தனை பேரிடம் கடவுச்சீட்டு இருக்கும்? 2023 செப்டம்பரில் செய்த திருத்தத்துக்குப் பின் வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வாகன ஓட்டுநர் உரிமம் போன்றவையே போதும் என்றாயிற்று. விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோன்களை இறக்குமதி செய்வது, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் நீங்கலாக, 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே யாரேனும் அடையாள எண் இல்லாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ட்ரோனைக் குறைந்த வாடகைக்குக் கொண்டுவந்தால், அது எப்படி வந்தது என்று கேட்பது விவசாயியின் கடமை. பயிருக்கோ ஆளுக்கோ சேதம் நேர்ந்தால் அதற்குக் காப்பீடு கிடையாது.

எங்கே பறக்கலாம்?

நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பகுதிகளாக வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்ட இவ்வரைபடத்தை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வட்டத்தில் இந்த உயரம் 200 அடி. அதற்கும் உள்ளே மஞ்சள் பகுதி. அங்கே விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. திருச்சி, மதுரை, தூத்துக்குடி, கோவை, சேலம் விமான நிலையங்களையும், தஞ்சாவூர், சூலூர் விமானப்படைத் தளங்களையும் சுற்றியுள்ள கிராமத்தார் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். "பயிருக்கு மேல் எட்டடிதானே" என்று ஓட்டுநர் சொன்னாலும், வரைபடத்தைத் தம் கைபேசியில் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

மற்றொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ட்ரோன் என்றதும் மருந்துப் பெட்டியும் தபால் பார்சலும் வீட்டு வாசலில் வந்திறங்கும் என்ற பேச்சு உலவுகிறது. 2021 அக்டோபரில் மணிப்பூரில் லோக்தாக் ஏரியில் உள்ள கராங் தீவுக்குத் தடுப்பூசி மருந்து ட்ரோனில் சென்றது. 2022 மே மாதம் குஜராத்தில் கட்ச் மாவட்டத்தில் தபால் துறை 46 கிலோமீட்டர் தொலைவுக்கு 25 நிமிடத்தில் ஒரு பார்சலை அனுப்பிப் பார்த்தது. ஆனால் அவ்வாறு கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு ட்ரோனை அனுப்ப விதிகள் எளிதில் இடம் கொடுப்பதில்லை; தனியே அனுமதி பெற்றே அவை நடந்தன. வயலில் தெளிக்கும் ட்ரோனோ ஓட்டுநரின் பார்வைக்குள்ளேயே, தாழ்வாகப் பறந்து திரும்புகிறது. பார்சல் ட்ரோனுக்கு முன்பே மருந்து ட்ரோன் கிராமத்தை வந்தடைந்ததன் காரணம் இதுவே.

பூச்சிக்கொல்லி விதிகள்

விமான விதிகள் புதியவை. பூச்சிக்கொல்லி விதிகள் அப்படியல்ல. 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 1971-ல் வகுத்த விதிகளில், 43-வது விதி வான்வழித் தெளிப்பைப் பற்றியது. ஹெலிகாப்டரையும் சிறு விமானத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. தெளிக்கும் பரப்பை அடையாளமிடுவது தெளிப்பவரின் பொறுப்பு. அனுமதி பெற்ற மருந்தை அனுமதித்த செறிவிலும் உயரத்திலும் மட்டுமே தெளிக்க வேண்டும். கழுவுவதற்கும் முதலுதவிக்கும் வசதி செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே உரிய அதிகாரிகள் மூலம் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். தொடர்பில்லாத ஆட்களும் கால்நடைகளும் குறிப்பிட்ட காலம் வரை அப்பரப்பில் நுழையாமல் தடுக்க வேண்டும். விமானிக்கு மருந்தின் நச்சு அறிகுறிகள் பற்றியும் பயிற்சி வேண்டும். இவ்வளவும் அன்றே எழுதப்பட்டவை.

எழுதப்பட்டிருந்தும் நடந்தது என்ன என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு சாட்சி. அங்கே முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2000-ம் ஆண்டு வரை, ஹெலிகாப்டர் மூலம் என்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு இடையே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. அம்மக்களின் உடல்நலக் கேடு நாடு முழுவதும் பேசப்பட்டது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்தது. 2017-ல் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும்படி உத்தரவிட்டது. ஹெலிகாப்டர் வேறு, ட்ரோன் வேறு என்பது உண்மையே. ட்ரோன் மிகத் தாழ்வாகப் பறக்கிறது. தெளிக்கும் இடத்தைத் துல்லியமாக வரையறுக்க முடிகிறது. எனினும் மேலிருந்து விழும் மருந்து காற்றின் வழியே போகும் என்ற இயற்கை விதி இரண்டுக்கும் ஒன்றே.

2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் ட்ரோன் மூலம் மருந்தும் ஊட்டச்சத்தும் தெளிப்பதற்கான நடைமுறைகளை வெளியிட்டது. 1971-ன் விதிகளே அதற்கு அடிப்படை. 2022 ஏப்ரலில், ஏற்கெனவே பதிவு பெற்ற மருந்துகளில் 477 மருந்துகளை ட்ரோன் மூலம் தெளிக்க இரண்டு ஆண்டுகளுக்கு இடைக்கால அனுமதி தரப்பட்டது. 2023 ஏப்ரலில் நெல், மக்காச்சோளம், பருத்தி, நிலக்கடலை, துவரை, எள், கரும்பு, சோயா மொச்சை, கோதுமை, குசும்பா ஆகிய பத்துப் பயிர்களுக்குத் தனித்தனி நடைமுறைகள் வந்தன. கடைக்காரர் கொடுக்கும் மருந்து எதுவானாலும் ட்ரோனில் ஊற்றலாம் என்பதில்லை. வாங்கும் மருந்து ட்ரோனுக்கு அனுமதி பெற்றதா என்பதை உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தெளிக்கும் நாளைக் குறிக்க வேண்டும்.

பத்து லிட்டரில் அடங்கும் மருந்து

விவசாயிகள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. கைத்தெளிப்பானில் ஓர் ஏக்கர் நெல்லுக்கு 200 லிட்டர் தண்ணீர் பயன்படுத்துகிறோம். ட்ரோனில் பத்து லிட்டரே. ஆனால் ஓர் ஏக்கருக்குச் சேர வேண்டிய மருந்தின் அளவு மாறுவதில்லை. ஏக்கருக்கு 60 மில்லி என்று சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை எடுத்துக்கொள்வோம். 200 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.3 மில்லி. பத்து லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 6 மில்லி. ட்ரோனிலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் கைத்தெளிப்பானின் துளியைவிட இருபது மடங்கு செறிவானது.

இதைப் புரிந்துகொள்ளாததால் இரண்டு விதத் தவறுகள் நிகழ்கின்றன. "டேங்குக்கு ஐந்து மில்லி" என்று கைத்தெளிப்பான் கணக்கிலேயே பழகியவர் ட்ரோன் தொட்டியிலும் ஐந்து மில்லி ஊற்றிவிடுவார். அந்த ஏக்கருக்குப் போவது பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்து. புழு சாகாது, பணம்தான் போகும். மாறாக, பூச்சி அதிகம் என்று எண்ணிக் கூடுதலாக ஊற்றினால் இலை கருகும். ஆகவே தொட்டிக் கணக்கை மறந்துவிட்டு ஏக்கர்க் கணக்கில் அளக்க வேண்டும். அளவுக் குவளையை விவசாயியே கையில் வைத்துக்கொண்டு, தம் கண்ணெதிரே கலக்கச் செய்வது நல்லது.

இவ்வளவு குறைந்த தண்ணீரில் இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்தால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு கண்ணாடிச் சீசாவில், அதே விகிதத்தில் சிறிதளவு கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்த்தால் போதும். அடியில் படிந்தாலோ, தயிர்போல் உறைந்தாலோ, சூடேறினாலோ அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வாய்க்கால் தண்ணீரையும் குளத்துத் தண்ணீரையும் வடிகட்டாமல் ஊற்றினால் நுண்துளை அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கத் துளை அடைத்தால் வயலில் பட்டைபட்டையாகப் பூச்சி மிஞ்சி நிற்கும்.

செறிவு இருபது மடங்கு என்பதன் மற்றொரு விளைவு பக்கத்து வயலைச் சேர்ந்தது.

பக்கத்து வயல்

பெரம்பலூர்ப் பகுதியில் மக்காச்சோளமும் பருத்தியும் அடுத்தடுத்த வயல்களில் நிற்பது வழக்கம். மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி களைக்கொல்லி பயன்படுகிறது. பருத்தியோ இக்களைக்கொல்லிக்கு மிக மிக எளிதில் பாதிக்கப்படும் பயிர். காற்றில் மிதந்து வரும் சிறிதளவே போதும். இலைகள் விரல்போலக் குறுகிச் சுருங்கும், பூவும் சப்பையும் உதிரும். மக்காச்சோளக்காரர் தம் வயலில்தான் தெளித்தார், இழப்பு பருத்திக்காரருக்கு. கைத்தெளிப்பானில் தெளித்தாலும் இது நடக்கக்கூடியதே. நுண்துளிகள் செறிவாகவும் உயரத்திலிருந்தும் வரும்போது ஆபத்து பெருகுகிறது. பருத்திக்கு அருகே ட்ரோன் மூலம் இக்களைக்கொல்லியைத் தெளிக்காமலிருப்பதே முறை.

பட்டுப்புழு வளர்ப்போர் நிலை இதைவிடக் கடினம். நெல்லில் இலைச் சுருட்டுப்புழுவுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் இன்று பரவலாகத் தெளிக்கப்படும் குளோரான்ட்ரனிலிப்ரோல் என்னும் மருந்து, புழு இனத்தைக் குறிவைத்தே செய்யப்பட்டது. பட்டுப்புழுவும் ஒரு புழுதான். மல்பெரி இலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலும் அதைத் தின்ற புழுக்கள் மடியும். வங்கிக் கடனில் கொட்டகை போட்டு, ஒரு தொகுதி முட்டைக்குப் பணம் கட்டி, மூன்றரை வாரம் இரவு பகலாக இலை போட்டு வளர்த்த குடும்பத்துக்கு ஒரே நாளில் எல்லாம் போய்விடும். இவ்வாறே செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் மீன் குட்டைக்குப் பெரும் கேடு. பூத்த எள்ளிலும் சூரியகாந்தியிலும் பகலில் தெளித்தால் தேனீக்கள் மடிகின்றன. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கீரைப் பாத்திக்கும் அருகே தெளித்தால் விளைபொருளையே விற்க முடியாது.

காற்றைப் பார்த்துத் தெளிப்பதே இதற்குத் தலையாய பாதுகாப்பு. காற்று மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் வீசினால் நிறுத்திவிட வேண்டும். கருவி இல்லாதவர்கள் வரப்போர மரத்தைப் பார்த்தே அறியலாம். இலைகள் மட்டும் சலசலத்தால் தெளிக்கலாம். சிறு கிளைகள் ஓயாமல் ஆடினால் கூடாது. காற்றே இல்லாத அதிகாலையும் ஏற்றதல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்நேரத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றில் நுண்துளிகள் கீழிறங்காமல் பனிபோல மிதந்து, பிறகு எங்கோ போய்ச் சேரும். அடுப்புப் புகை மேலே எழாமல் தாழ்வாகப் படர்ந்து நின்றால் காத்திருக்க வேண்டும். வெயில் சற்று ஏறி மெல்லிய காற்று ஒரே திசையில் வீசத் தொடங்கிய பின் தெளிக்கலாம். உச்சிவெயில் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். பக்கத்தில் மல்பெரியோ பருத்தியோ குட்டையோ இருந்தால், காற்று அத்திசையிலிருந்து நம் வயலை நோக்கி வரும் நாளில் மட்டுமே தெளிக்க வேண்டும். அப்போதும் அந்த ஓரத்தில் சில வரிசைகளை ட்ரோனுக்கு விடாமல், கைத்தெளிப்பானால் முடிப்பது சிறந்தது.

24 மணி நேர முன்னறிவிப்பு

விதிகளில் அதிகமாக மீறப்படுவது எது என்று கேட்டால், பெரும்பாலான ஊர்களில் பதில் இதுவாகத்தான் இருக்கும். காலையில் ட்ரோன் வண்டி வந்தது, தெளித்தது, போய்விட்டது. பக்கத்து வயல்காரருக்கு இரைச்சல் கேட்ட பிறகே தெரிகிறது. முன்னாளே தெரிந்திருந்தால் அவர் தேனீப் பெட்டியை மூடியிருப்பார். மல்பெரி இலையை முன்பே பறித்து வைத்திருப்பார். மாட்டை வேறு பக்கம் கட்டியிருப்பார். செலவில்லாத பாதுகாப்பு இது.

முன்பெல்லாம் ஊர்ச் செய்தியைத் தண்டோரா போட்டு அறிவித்தார்கள். 2022-ல் தமிழக அரசு அம்முறையை நிறுத்தும்படி அறிவுறுத்தியது. இன்று ஊராட்சியின் ஒலிபெருக்கியும் கைபேசிக் குழுக்களும் இருக்கின்றன. ஆனால் கைபேசிக் குழுவில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணக் கூடாது. அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் இராமநாதபுரத்திலிருந்து வந்து கிடை போடும் கீதாரிகளும், வாத்து மேய்ப்போரும் எந்த ஊர்க் குழுவிலும் இல்லை. வயலில் களை எடுக்க வரும் பெண்களில் பலரிடமும் அத்தகைய கைபேசி கிடையாது. தெளிக்கும் வயலின் நான்கு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டி, நாளும் நேரமும் மருந்தின் பெயரும் எழுதிய அட்டையை வரப்பில் வைப்பது அவசியம். தெளித்த வயலில் அன்று யாரும் இறங்கக் கூடாது. வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடவும் கூடாது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

ட்ரோனின் விசிறிக் காற்று மருந்தைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. இலைகள் புரண்டு அடிப்புறமும் ஓரளவு நனைகிறது. இலைச் சுருட்டுப்புழு, கதிர்நாவாய்ப்பூச்சி, இலைப்புள்ளி நோய்கள், மக்காச்சோளப் படைப்புழு, உயர்ந்து வளர்ந்த கரும்பு, துவரைப் பூப் பருவத்துப் புழுக்கள் ஆகியவற்றுக்கு இது நல்ல பலன் தரும். நுண்ணூட்டக் கரைசல்களையும் பயிர் ஊக்கிகளையும் தெளிக்க மிகவும் ஏற்றது. அவற்றில் பக்கத்து வயலுக்கு வரும் கேடும் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் தடவை ஊட்டச்சத்துக் கரைசலையே தெளித்துப் பழகிக்கொள்ளலாம்.

நெல்லில் புகையானுக்கு நிலைமை வேறு. புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருக்கிறது. பயிர் அடர்ந்து மூடிய பருவத்தில் ஏக்கருக்குப் பத்து லிட்டர் கரைசல் மேலிருந்து விழுந்தால், அடித்தூர் வரை போதிய மருந்து போய்ச் சேர்வது கடினம். எட்டடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டிருந்தாலொழிய ட்ரோனை நம்ப வேண்டாம். தண்ணீரை வடித்துவிட்டு, பயிரை விலக்கி, தூரில் படும்படி கைத்தெளிப்பானால் தெளிக்கும் பழைய முறையே இங்கு மேல். தென்னை மரங்களும் மின்கம்பிகளும் சூழ்ந்த கால் ஏக்கர், அரை ஏக்கர் துண்டுகளிலும் ட்ரோன் சிரமப்படும். திரும்பும் இடங்களில் ஓரம் விட்டுப்போகும் அல்லது இரட்டிப்பாக விழும்.

கூட்டாகத் தெளித்தல்

மானியம் இருக்கிறது என்பதற்காகத் தனியொரு சிறு விவசாயி ட்ரோன் வாங்குவது அறிவுடைமையாகாது. 2022-ல் வெளியான வேளாண் இயந்திரமயமாக்கல் திட்ட நெறிமுறைகளில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண் விவசாயிகளுக்கும் ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கும் விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை உதவி அறிவிக்கப்பட்டது. மீதித் தொகை இருக்கிறதே! அதோடு பாட்டரிச் செலவும் உண்டு. நிறைந்த தொட்டியுடன் ஒரு பாட்டரி பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. நாள் முழுதும் வேலை செய்யப் பல ஜோடிப் பாட்டரிகளும் அவற்றை மின்னேற்றும் வசதியும் வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் ட்ரோன் ஆண்டில் பெரும்பகுதி கொட்டகையில்தான் கிடக்கும்.

குழுவாக வாங்குவது பொருத்தமானது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை 1,261 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த திட்டத்தில், 2025-26 வரையிலான காலத்தில் நாடெங்கும் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு, விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை உதவி தந்து ட்ரோன் வழங்க முடிவாயிற்று. குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. அதில் ஐந்து நாள் ஓட்டுவதற்கு, பத்து நாள் உரமும் மருந்தும் தெளிப்பதற்கு. பயிர் பற்றிய பயிற்சிக்கு இரட்டிப்பு நாட்கள் ஒதுக்கியது சரியானதே. ட்ரோனை ஓட்டத் தெரிந்தவர் உண்டு. மருந்தை அறிந்து ஓட்டுபவர் குறைவு.

வாடகைக்கு அழைக்கும் சிறு விவசாயிகளும் கூடிச் செயல்படுவதே நல்லது. ஒரே மடையில் பாசனம் பெறும் பத்துப் பதினைந்து பேர், ஒரே பயிர், ஏறத்தாழ ஒரே வயது என்றால், வரப்புகளை மறந்து இருபது ஏக்கரை ஒரே வீச்சில் தெளித்துவிடலாம். பக்கத்து வயல் தகராறும் பெருமளவு குறைகிறது. ஏனெனில் அந்தத் தொகுதியில் பக்கத்து வயலும் சேர்ந்துவிடுகிறது. வாடகையும் பேசிக் குறைக்கலாம். தொகுதியின் வெளி ஓரத்தில் இருப்பவர்களுடன் மட்டும் முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். அத்தொகுதிக்குள் இயற்கை முறையில் பயிர் செய்பவர் ஒருவர் இருந்தால் அவருடைய துண்டைச் சுற்றிப் போதிய இடைவெளி விட வேண்டும். இருபது பேர் சம்மதித்தார்கள் என்பது அந்த ஒருவரின் பயிரில் மருந்து விழ உரிமை தராது.

சேதம் நேர்ந்தால்

பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது வயலைக் கலைக்காமல் வைத்திருப்பது. அன்றே புகைப்படம் எடுத்து, தெளித்த நாள், நேரம், காற்றின் திசை, மருந்தின் பெயர், ட்ரோனின் அடையாள எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதித்த இலைகளை எந்தப் பூச்சியும் நோயும் இல்லாத அதே வயலின் மறுபகுதி இலைகளோடு சேர்த்து உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டி, எழுத்து மூலம் மனு கொடுத்து ரசீது பெற வேண்டும். ட்ரோன் விபத்துக்குள்ளானால் 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு இணைய வழியே தெரிவிக்க வேண்டியது ஓட்டுநரின் பொறுப்பு. கீழே விழுந்த ட்ரோனைப் பார்க்கச் சிறுவர்கள் ஓடிவருவார்கள். தொட்டியில் மருந்து இருக்கும் என்பதால் அருகில் விடக் கூடாது.

ஆளின் மேல் மருந்து பட்டால் உடைகளை உடனே களைந்து, சோப்புப் போட்டு ஏராளமான தண்ணீரில் கழுவ வேண்டும். தலைசுற்றல், வாந்தி, கண்மணி சுருங்குதல், வாயில் அதிக உமிழ்நீர், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்துப் புட்டியையோ அதன் உறையையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்குரிய மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க முடியும்.